நாற்பத்தொன்றாம் வசனம்

நவம்பர் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்த விளியை மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். 'ஐயா' என்றால் மனுப் போல இருக்கிறது. 'நண்பரே' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. என் மகளும் தங்கள் மகனும் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உறவு முறிந்த பிறகு அந்த உறவுக்காரரை என்னவென்று அழைப்பது? எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. தவறென்றால் அடித்துவிட்டு வாசிக்கவும்.

ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பில் முன் கட்டடத்துக்காரர்களுக்கும் பின் கட்டடத்துக்காரர்களுக்கும் ஏழெட்டு மாதமாகப் பேச்சு இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்றரை அடி தள்ளிப் போடப்பட்டதில் ஆரம்பித்தது. (கோட்டை அளந்து சொன்னவன் நான்தான். அளக்காமல் இருந்திருக்கலாம்.) சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். "உங்களுக்கெல்லாம் ஊசிதான் போடணும். அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரு படம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். போர்க்களத்தில் எதிரெதிர்ப் படை வீரர்கள் சமாதானமாகிற படம். டிசம்பர் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, சங்கக் கூடத்தில்.

படத்தில் இரண்டு மொழிகள். இந்தக் கரைப் படை ஒன்று பேசுகிறது, அந்தக் கரைப் படை வேறொன்று. கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் வாசிக்க வேண்டுமாம். "நீங்கதான் படிச்சவர்" என்றார் செயலாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியே ஓய்வுபெற்றவன் நான். அந்தப் படிப்புக்கு இந்த மொழிகள் தெரியாது. இரண்டும் தெரிந்தவராக நான் அறிந்த ஒரே ஆள், இருபத்தாறு வருடம் கப்பலில் ரேடியோ பார்த்த தாங்கள்தான்.

முடியாதென்றால் பதில் வேண்டாம். எழுதுவதானால் சங்க அலுவலக முகவரிக்கு எழுதவும். மகள் என்னுடன்தான் இருக்கிறாள். வீட்டுத் தபால் பெட்டியின் சாவி அவளிடம்.

பணிவுடன்,
தராசுக்காரன்


நவம்பர் 11

தராசு,

நாலு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி. அதுலயும் 'முடியாதென்றால் பதில் வேண்டாம்'. உம்ம மாதிரி ஆளுங்க கதவைத் தட்டிட்டு, உள்ள இருக்கறவன் எழுந்து வர்றதுக்குள்ள தெருமுனைக்கு ஓடிடுவீங்க. கதவைப் பத்தி நான் பேசக்கூடாதுதான். விடும்.

சம்பந்தின்னே கூப்பிடும். கட்டிக்கிட்டவங்களும் அவங்க ரெண்டு பேர், அறுத்துக்கிட்டவங்களும் அவங்க ரெண்டு பேர். சதுரங்கப் பலகையில பாதி ஆட்டத்தோட நின்னது நாம. உம்ம குதிரை இன்னும் என் ராணிக்குப் பக்கத்துல முறைச்சுக்கிட்டு நிக்குது. தூசி தட்டறப்பகூட இடம் மாத்தறதில்லை.

இங்க நான் மட்டும்தான். மகன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு வேற தேசத்துல இருக்கான். மாசம் ஒரு போன். 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பான், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுடுவான்.

படத்தை அனுப்பும். சும்மாத்தான் இருக்கேன். காலையில ஜன்னலைத் திறந்தா இந்த மாசம் முழுக்கக் கடல் கிடையாது, வெள்ளையா ஒரு பனிமூட்டம்தான். அதுக்குள்ள எங்கயோ ஒரு கப்பல் மணி அடிக்கும். அந்தக் காலத்துல இப்படிப் பனி இறங்கினா ரேடியோ அறையில காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். யாரோ எங்கிருந்தோ தட்டற புள்ளியும் கோடும் மட்டும் வரும். நண்பனா எதிரியான்னு தெரியாது. எண்ணி எழுதிப்பேன். அதுதான் வேலை.

ஒண்ணு கேக்கணும். மருமக வருவாளா படத்துக்கு? 'மருமக'ன்னே எழுதிட்டேன். அடிக்க மனசில்லை.

ரேடியோ


நவம்பர் 16

அன்புள்ள சம்பந்திக்கு,

தங்கள் பதிலைச் சங்க அலுவலகத்தில் நின்றபடியே மூன்று முறை வாசித்தேன். செயலாளர், "என்ன, வேலை கிடைச்சுடுச்சா?" என்று கேட்டார்.

படத்தைப் பென் டிரைவில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பட்டியல். யாராவது வாய் திறக்கும் இடங்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்திருக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வாய் எத்தனை நொடி அசைகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறேன். தமிழ் அந்த நொடிகளுக்குள் அடங்கிவிட்டால், அடுத்தவன் பேச ஆரம்பிப்பதற்குள் நான் மூச்சு விட்டுக்கொள்ள முடியும்.

பிற்பகலில் கூடத்தில் யாரும் இருப்பதில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு நான் மட்டும் படத்தைப் போட்டுப் பார்க்கிறேன். மொழி தெரியாமல் பார்ப்பதால் அது படம் போலவே இல்லை. யாரோ காணும் கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல இருக்கிறது. நடுவில் ஆறு. இரு கரையிலும் படைகள். பனிமூட்டம் இறங்கி ஐந்து நாட்களாக விலகவில்லை. குறி பார்க்க முடியாததால் சுடவும் முடியவில்லை. இந்தக் கரைச் சிப்பாய் ஒருவன் துவைக்கும்போது அவன் சட்டை நழுவி ஆற்றோடு போய்விடுகிறது. மறுநாள் காலையில் அதே இடத்தில் ஒரு பலகைமேல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அறுந்திருந்த பொத்தானைத் தைத்திருக்கிறார்கள். எப்படி வந்தது என்று படம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவன் ஒரு படகில் அக்கரைக்குப் போய்க் காவல் குடிசையின் கதவைத் தட்டுகிறான். உள்ளே துப்பாக்கியுடன் எதிரி. உள்ளிருந்து அவன் ஏதோ சொல்கிறான், இரண்டு நொடி. கதவு திறக்கிறது. அதன்பின் ஐம்பது நொடிகளுக்கு யாரும் பேசுவதில்லை. பனிமூட்டம் மட்டும் வாசல் வழியாக உள்ளே வருகிறது. அந்த இரண்டு நொடிக்கு நாற்பத்தொன்று என்று எண் போட்டிருக்கிறேன். எல்லாரும் காத்திருக்கப் போவது அதற்காகத்தான்.

மகள் வருவாளா என்று கேட்டிருந்தீர்கள். வருவாள், நாற்காலிகள் அவள் பொறுப்பு. மொழிபெயர்ப்பவர் யார் என்று நான் சொல்லவில்லை. தங்கள் பேச்சை எடுத்தால் அவள் கோபப்படுவதில்லை, எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். கோபமே தேவலை.

அந்த நாளைப் பற்றி நான் தங்களிடம் கேட்டதே இல்லை. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குத் தங்கள் வீட்டுக்குத் திரும்பியதாகவும், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தும் யாரும் திறக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். உள்ளே இருந்தது தாங்கள் மட்டும். மதியம் முதல் தூங்கிவிட்டதாகவும் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றும் தாங்கள் நீதிமன்றத்தில் சொன்னீர்கள். அவள் தட்டவே இல்லை, தானாகவே வீட்டை விட்டுப் போனவள் என்று முடிவாயிற்று. ஊரெல்லாம் அவளைப் பொய்க்காரி என்றது. நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் அவளிடம், "ஒருவேளை அவர் நெஜமாவே தூங்கியிருக்கலாமேம்மா" என்றேன். இரண்டு தட்டையும் பார்த்தே பழகியவன். பெற்ற பெண்ணையும் ஒரு தட்டில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் 'அப்பா' என்று கூப்பிடும்போது முன்பிருந்த ஏதோ ஒன்று குறைகிறது. எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

இந்தப் பத்தியை எழுதியிருக்கக் கூடாது. வேறு தாளில் படியெடுத்தால் துணிவு போய்விடும். அப்படியே அனுப்புகிறேன்.

தராசுக்காரன்


நவம்பர் 27

தராசு,

அறுபத்து மூணும் முடிஞ்சுது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துண்டு, பின்னால உம்ம நொடிக் கணக்கு. பதினேழுல அவன் திட்டறது அசல்ல ரொம்பப் பச்சை. செயலாளரம்மா முன்னாடி நீர் மயக்கம் போட்டு விழுந்துடக் கூடாதேன்னு 'போடா மடையா'ன்னு அடக்கியிருக்கேன். இருபத்தொன்பதுக்கு மூணு நொடி குறிச்சிருக்கீர். அது தும்மல், ஐயா. தும்மலுக்கும் தமிழ் வேணுமா?

சட்டை திரும்பி வர்ற இடத்தை ஆறு தடவை பார்த்தேன். அதுலேர்ந்து மதியம் நாற்காலியில கண் அசந்தாப் போதும், என் சட்டை ஒண்ணு கடல்ல மிதந்து போகுது. கரையில உம்ம மக நின்னு பாத்துக்கிட்டிருக்கா. எடுக்கலை. காலால தள்ளவும் இல்லை. சும்மா பாக்கறா. முழிச்சுப் பாத்தா சட்டை என் மேலதான் இருக்கு, ஈரமா இருக்கற மாதிரி ஒரு நெனப்பு.

உம்ம கடுதாசியில அந்தப் பத்தியைப் படிச்சேன். நாற்பத்தொண்ணைக் கடைசியாத்தான் எழுதினேன். சரியா இருக்கான்னு பாரும்.

ரேடியோ


டிசம்பர் 1

அன்புள்ள சம்பந்திக்கு,

இன்று பிற்பகல் முதல் ஒத்திகை. நாற்பது வரை தங்கள் தமிழ் நொடிக் கணக்கில் அப்படியே பொருந்தியது. தும்மலுக்கு நான் மௌனமாக இருந்தேன். நாற்பத்தொன்றில் அவன் வாய் இரண்டு நொடியில் நின்றுவிட்டது. நான் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

கடிகாரம் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு கடிகாரம் வைத்து மறுபடி அளந்தேன். பத்தொன்பது நொடி. தாங்கள் எழுதியதை இங்கே படியெடுக்கிறேன். பிழை என்னுடையதா என்று பார்க்கவும்:

"நான் தூங்கலம்மா. நாற்காலியில முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ வந்தா திறக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. மூணு தடவை தட்டின. தாழ்ப்பாள் மேல கையை வெச்சுக்கிட்டு நின்னேன். எடுக்கலை. அப்புறம் கேட்டவங்ககிட்ட எல்லாம் தூங்கிட்டேன்னு சொன்னேன்."

ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயை 'அம்மா' என்று அழைக்க வாய்ப்பில்லை என்பதை நானும் யோசித்தேன்.

படத்தை நிறுத்தத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். திரையிலிருந்து பனிமூட்டம் இறங்கி நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு என் செருப்பு வரை வந்தது போல இருந்தது. கூடத்தின் கதவை யாரோ தட்டுவது போலவும் இருந்தது. போய்த் திறந்து பார்த்தேன். யாருமில்லை. அப்படியும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

நான்கு வருடம் சுமந்த அந்த 'ஒருவேளை'யை இன்றுதான் கீழே வைத்தேன். வைத்த பிறகும் கை லேசாகவில்லை. தங்கள் மேல் கோபப்பட முயன்றேன். எனக்கு அது சரியாக வரவில்லை. இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அசலில் அவன் என்ன சொல்கிறான்?

தராசுக்காரன்


டிசம்பர் 4

தராசு,

உம்ம கடிகாரம் சரிதான். அசல்ல அவன் சொல்றது, 'தாழ் போடலை. தள்ளு.' அவ்வளவுதான். எதிரி தட்டறான், இவன் கதவைத் தாழ் போடாமலே வெச்சிருக்கான். அதை எழுத ரெண்டு நாள் உக்காந்தேன். பேனா நகரலை.

அன்னிக்கு மகன் போன்ல சொன்னான், 'அவளுக்குத் திறந்தீங்கன்னா நான் உங்க பிள்ளையே இல்ல'ன்னு. பிள்ளையாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன். மிஞ்சினது மாசம் ஒரு போன்.

நேரா அவளுக்கு எழுதினா பிரிக்காமலே கிழிச்சுடுவா. சிப்பாய் வாயில வெச்சுட்டா கேட்டுத்தானே ஆகணும்னு ஒரு குறுக்குப் புத்தி. ஆனா இப்ப யோசிச்சா, ஊர் கூடியிருக்கற இடத்துல அவ கதையைப் போட்டு உடைக்கறதும் ஒரு அநியாயம்தான். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சவன் இப்பத் திரைக்குப் பின்னால ஒளியறேன்.

வேணாம்னா அசலை வாசியும். என்ன செய்யணும்னு நீர் முடிவு பண்ணும். நான் முடிவு பண்ணினது எதுவும் உருப்பட்டதில்லை.

ரேடியோ


டிசம்பர் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று படம் நடந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே கனவுபோலக் கலைந்துவிடும்.

தங்கள் துண்டுகளையெல்லாம் என் கையெழுத்தில், எண்ணுக்கு ஒரு தாளாகப் படியெடுத்து அடுக்கினேன். நாற்பத்தொன்றுக்கு மட்டும் தாங்கள் அனுப்பிய துண்டையே வைத்தேன். அதன் மேல் ஓரத்தில் பென்சிலால் அசல் வரியை எழுதினேன். பிறகு மகளிடம், "கூடம் இருட்டா இருக்கும். பக்கத்துல நின்னு டார்ச் பிடிக்கறியாம்மா?" என்று கேட்டேன். இதைக் கேட்க நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன்.

முன் கட்டடம் இடப்பக்கம், பின் கட்டடம் வலப்பக்கம், நடுவே படத்து ஆறு போல ஒரு வழி. படம் தொடங்கியதும் என் குரல் யாருடையதோ போல ஒலித்தது. பனி இறங்கிய பிறகு யாரும் இருமவில்லை. சட்டை திரும்பி வந்தபோது வலப்பக்கத்தில் யாரோ, "நம்ம வீட்ல ஒரு பொத்தான் தைக்கச் சொல்லு பாப்போம்" என்றார். இடப்பக்கமும் சேர்ந்து சிரித்தது.

அவன் கதவைத் தட்டினான். நாற்பதாம் தாளை எடுத்தேன். அடியில் தங்கள் துண்டு. "தாழ் போடலை. தள்ளு" என்று வாசித்தேன். கதவு திறந்தது. அந்த ஐம்பது நொடி தொடங்கியது. டார்ச் வெளிச்சம் துண்டின் மேலேயே நின்றது. நான் அதை மூடவில்லை, கையையும் எடுக்கவில்லை. தங்கள் கையெழுத்து அவளுக்குத் தெரியும். எழுபது பேர் திரையில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசித்தாள். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தாள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் மேலே போய்த் திரும்பக் கீழே வந்தது. பிறகு தாளை விட்டு விலகி என் கால், தரை, சுவர் என்று அலைந்தது. நாற்பத்திரண்டு வந்துவிட்டது. இருட்டில் தாளில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, மனப்பாடமாகியிருந்தது: "நனைஞ்சிருக்கியே. உள்ள வா."

மீதியை அவள் பிடித்த வெளிச்சத்திலேயே வாசித்து முடித்தேன். வெள்ளைக் கோட்டைப் பற்றி இன்னும் தீர்வில்லை. ஆனால் போகும்போது பின் கட்டடத்துப் பெரியவர் முன் கட்டடத்து அம்மாளுக்காக நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, அவள் துண்டை மேசைமேல் வைத்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம்மா."

"ஒரு வாரமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சரிபார்த்துக்கிட்டிருந்தேன்."

"அன்னிக்கு நான் சொன்னதைச் சரிபார்க்கலையேப்பா."

சொல்வதற்கு எத்தனையோ வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் 'ஆனால்' இருந்தது. "இல்லம்மா. தப்பு பண்ணிட்டேன். உன்னை நம்பியிருக்கணும்" என்றேன். அவள் அடுத்த அறைக்குப் போகவில்லை. பிறகு துண்டில் ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"இதுலயும் ஒரு தப்பு இருக்கு. மூணு தடவை இல்ல. பதினோரு தடவை தட்டினேன். எண்ணினேன். உங்க பொண்ணாச்சே."

இன்று காலை, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரை வரச் சொல்லுங்க. பதினோரு தடவை தட்டட்டும். அதுக்கப்புறம் என்னன்னு நான் பாத்துக்கறேன். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தராசுக்காரன்


டிசம்பர் 12

தராசு,

பதினொண்ணு. அவ சொல்றதுதான் சரி. ரேடியோக்காரன் காது எண்ணாம இருக்குமா? முதல்ல அஞ்சு, வேகமா. அப்புறம் நிறுத்தி நாலு. கடைசியா ரெண்டு, ரொம்ப மெதுவா. நாலு வருஷமா பனி இறங்கற காலையில எல்லாம் கடல் பக்கத்துலேர்ந்து எனக்கு அதுதான் கேக்குது. கேட்டுக்கிட்டே இருந்தும் மூணுன்னு எழுதினேன் பாரும். மன்னிப்பு கேக்கறதுலயும் எடை குறைச்சிருக்கேன். நீர் வேலையில இருந்திருந்தா என் தராசைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருப்பீர்.

பதினேழாம் தேதி ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன். சதுரங்கப் பலகையைக் கொண்டு வரலை. அதைக் கேக்கற நாள் வந்தா பாத்துக்கலாம். அவ திறக்கலைன்னாலும் வந்த வழியே திரும்பிப் போயிடுவேன், தைரியமா இரும். அவளைத் திறக்கச் சொல்லி நீர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ரேடியோ


டிசம்பர் 17, ஞாயிறு
மாலை மூன்று ஐம்பத்தைந்து

அன்புள்ள சம்பந்திக்கு,

இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று கட்டளை. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலும் காலையிலிருந்து பனி விலகவில்லை. எதிர்க் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அழைப்பு மணியின்மேல் அவள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 'தட்டவும்.' இப்போது சமையலறையில் இருக்கிறாள். கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவுகிறாள்.

படியில் காலடிச் சத்தம். நடுவில் ஒரு முறை நின்றது. தங்கள் முழங்கால் பழையபடிதான் போலிருக்கிறது.

ஐந்து. வேகமாக.

நிறுத்தம். குழாய் இன்னும் ஓடுகிறது.

நான்கு. ஆக ஒன்பது. குழாய் நின்றுவிட்டது.

இப்போதுதான் கவனிக்கிறேன். கதவில் தாழ் இல்லை. மேல் தாழும் இல்லை, கீழ்த் தாழும் இல்லை. மதியம் நான் போட்டேன். போட்டதை இரண்டு முறை சரிபார்த்தேன். இந்த வீட்டில் வேறு யார் எடுத்திருக்க முடியும்? தங்களுக்கு அது தெரியாது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

பத்து.

அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு நான்கடி தள்ளி நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை.

பதினொன்று. ரொம்ப மெதுவாக.

என் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது, பழக்கதோஷம். இருபது நொடி. முப்பது. கதவுக்குக் கீழே தங்கள் செருப்பின் நிழல் தெரிகிறது. நாற்பது. நிழல் கொஞ்சம் பின்னால் நகர்கிறது.

"தாழ் போடலை" என்கிறாள் என் மகள். "தள்ளுங்க."